மூன்று பட்டியலிலும் இருந்தவர்கள்

மார்ச் 4

நோயாளிகள் நலச் சங்கத் தலைவி நர்ஸம்மா அவர்களுக்கு,

வீட்டுவேலைப் பெண்கள் சங்கத் தலைவி எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. இருந்தாலும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தையல்காரரிடம் கேட்டேன். தேவலை என்றார். சரி.

அவர் நேற்று என் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகி ஐந்து வருஷம் ஆகியும் மனிதர் இன்னும் அளவெடுக்க வந்தவர் மாதிரிதான் உட்காருகிறார். "நம்ம ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டை ஜூன் மாசம் மூடப் போறாங்கம்மா. இனிமே வலி வந்தா ரெண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றார். அந்த வார்டில் பதினான்கு கட்டில். என் பிள்ளைகள் இரண்டும் ஜன்னலோரம் ஒன்பதாம் கட்டிலில் பிறந்தவர்கள். பேரன்கள் இருவரும் அங்கேதான்.

சங்கங்கள் மனுக் கொடுத்தால் சுகாதார அலுவலகம் விசாரணை வைக்குமாம். ஆனால் மூவாயிரம் உறுப்பினர் பேர் வேண்டுமாம். தனியாக அவ்வளவு பேர் உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. "அதனால நீங்களும் நர்ஸம்மாவும் பழசை மறந்து..." என்று ஆரம்பித்தார். "மறக்குற வியாதி எனக்கு இன்னும் வரல. வார்டுக்காக வர்றேன், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினேன்.

பதினோரு வருஷம் நாலு மாதம் ஆகிறது. நாம் ஒரே சங்கமாக இருந்தபோது, நகராட்சி மாடியில், எல்லார் முன்னாலும் என் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி, "அவங்களுக்குப் படிக்க வராது, நான் படிக்கிறேன்" என்று மைக்கில் சொன்னீர்கள். அன்று மஞ்சள் குடை கொண்டுவந்திருந்தீர்கள். மழை இல்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஆகையால் போனில் பேச மாட்டேன். போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லலாம், காகிதத்தில் முடியாது. கூட்டத்தில் நம் இருவருக்கும் நடுவில் தையல்காரர் உட்காரட்டும். இன்னொன்று, இது முக்கியம்: உறுப்பினர் பட்டியலை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டாம். அவரவர் உறையில் போட்டு அரக்கு வைத்து ஒட்டி, அப்படியே அலுவலகத்தில் கொடுப்போம். சங்கம் உடைந்தபோது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தது யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்தேழு பேர். பேர் சொல்லட்டுமா?

எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி அனுப்ப வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தலைவி, வீட்டுவேலைப் பெண்கள் சங்கம்


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை நீங்கள் எப்படி அழைத்தாலும் நான் அக்கா என்றுதான் எழுதுவேன். அதற்குத் தடை போடுகிற நிபந்தனை எதுவும் கடிதத்தில் இல்லை, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துதான் பிரித்தேன். என்ன எழுதியிருந்தாலும் எழுதினீர்களே.

நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதம். நடுவில் தையல்காரர் உட்காரட்டும். பாவம், இரண்டு பக்கத்து அனலும் அவர் மேல் அடிக்கும். பட்டியலுக்கு அரக்கும் வைக்கிறேன். எனக்கு அதில் மனமில்லை. ஆனால் உங்களை இழுத்து வர அதுதான் விலை என்றால் சரி.

முப்பத்தேழு இல்லை அக்கா, முப்பத்தெட்டு. ஒருத்தி பிறகு வந்தாள்.

அந்த வார்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அதை மூடினால் என்னை மூடுகிற மாதிரி. சேர்ந்து நிற்போம்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி என்று ஒரு காலத்தில் இருந்தவள்


மார்ச் 29

நர்ஸம்மா அவர்களுக்கு,

நேற்று மனுக் கொடுத்த விஷயமாக இரண்டு வார்த்தை.

என் உறையில் ஆயிரத்து முந்நூறு பேர். உங்களுடையது ஆயிரத்து நூற்றைம்பது என்று மேலே எழுதியிருந்தது. தையல்காரருடையது தொள்ளாயிரத்து ஐம்பது. மொத்தம் மூவாயிரத்து நானூறு. அந்தத் துணை இயக்குநர் மூன்று உறையையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாரே, தபால் எடை பார்க்கிற மாதிரி, அந்த முகத்தை மறக்க மாட்டேன். மூன்று சங்கம் ஒரு வாசலில் நிற்கும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

ஆனால் போட்டோ எடுக்கும்போது உங்கள் ஆட்கள் நான்கு பேர் முன்னால் வந்து நின்றார்கள். என் ஆள் ஒருத்தி குட்டை, அவள் நெற்றி மட்டும்தான் விழுந்திருக்கிறது. அடுத்த முறை குட்டையானவர்கள் முன்வரிசை. எழுதி வைத்துக்கொள்ளவும்.

தையல்காரர் நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டியதற்கு விசிறி வீசினீர்களே, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இருமல் என்று நினைத்திருப்பீர்கள். சிரிப்புதான்.

இப்படிக்கு,
தலைவி, வீ.வே. பெண்கள் சங்கம்


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. நம் மூன்று பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். நானூற்று எழுபத்து நான்கு இடத்தில் ஏற்கெனவே எண்ணிய பேரே திரும்ப வருகிறதாம். "போலிப் பெயர்களால் எண்ணிக்கை கூட்டப்பட்டுள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். ஏப்ரல் முப்பதாம் தேதி விளக்கம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மனு தள்ளுபடி. மூன்று சங்கத்தின் மேலும் புகார். வார்டு கதை அதோடு முடிந்தது.

நான் பொய்ப் பேர் எழுதவில்லை. நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தையல்காரர் அளவில் அரை அங்குலம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அப்படியானால் என்ன நடந்தது? ஒரே ஆள் இரண்டு சங்கத்தில் இருந்திருக்கிறாள். முன்னாலேயே மூன்று பட்டியலையும் ஒரு மேசையில் விரித்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். அலுவலகத்துக்குக் காட்டினோம், நமக்குள் காட்டவில்லை.

அரக்கு உடைய வேண்டும் அக்கா. சனிக்கிழமை காலை பத்து மணி, தையல் கடை மாடி. பிரதிகளைக் கொண்டுவாருங்கள். உங்களைவிட ஆட்களை ஞாபகம் வைத்திருப்பவர் இந்த வட்டாரத்தில் இல்லை. நீங்கள் வராவிட்டால் முடியாது.

அன்புடன்,
நர்ஸ்


ஏப்ரல் 13

நர்ஸம்மா,

நேற்று பாதியில் எழுந்து போனதற்குக் காரணம் எழுதுகிறேன். சொல்லாமல் போனால் வேறு கதை கட்டிவிடுவீர்கள்.

உறையை ஒட்டச் சொன்னது நான். அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். இதைப் படித்து முடித்ததும் யாரிடமும் காட்ட வேண்டாம்.

தையல்காரர் ஒவ்வொரு பேராகப் படிக்க, நாம் அவரவர் பட்டியலைப் பார்த்து "இங்கேயும்", "இங்கேயும்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தாலும் வேலை நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் உங்கள் பட்டியலில் முந்நூற்று எண்பத்தெட்டாவது பேரைப் படித்தார். என் மருமகள். என் வீட்டுக் கதவு எண். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்களுக்கு முன்பே தெரியும் என்று அந்தக் குனிவிலேயே தெரிந்துபோனது. அதனால்தான் போனேன்.

வீட்டுக்குப் போய்க் கையைக்கூடக் கழுவவில்லை. "எத்தனை வருஷமா?" என்றேன்.

"ஆறு வருஷமா அத்தை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"சின்னவன் பிறந்தப்ப ரத்தம் போய்க் கிடந்தேன்ல, அந்த ரெண்டு நாளும் நர்ஸம்மா ஆளுங்கதான் மாத்தி மாத்தி உக்காந்திருந்தாங்க. ரத்தம் குடுக்க ஆள் கூட்டிட்டு வந்ததும் அவங்கதான். நீங்க பெரியவனைப் பாத்துக்கிட்டு வீட்ல இருந்தீங்க. மூணாம் நாள் வந்து, இந்தப் பழம் யார் வாங்கி வச்சதுன்னு கேட்டீங்க. வார்டுல குடுத்தாங்கன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பழத்தை நான் உரித்துத் தின்றேன், நர்ஸம்மா. ஆரஞ்சு. இரண்டு.

அப்புறம் அவள் அடுப்படி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் மூன்று உறுப்பினர் அட்டையை வைத்தாள். என் சங்கம், உன் சங்கம், தையல்காரர் சங்கம். மூன்றிலும் அவள் போட்டோ. "போலின்னு எழுதியிருக்காங்களாமே. பொய்ப் பேருக்கு ஏது அத்தை போட்டோ, அட்டை?" என்றாள்.

நான் அந்த மூன்று அட்டையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆகையால் இதுதான் யோசனை. என்னுடையது இல்லை, அவளுடையது. இரண்டு மூன்று பட்டியலில் வருகிற அத்தனை பேரையும் அட்டையோடு அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்துவோம். எண்ணிக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் மருமகள் விஷயத்தில் நீ மட்டும் கள்ளி என்று ஆகிவிடக் கூடாது. உன் கூடப்பிறந்த தங்கை எங்கள் சங்கத்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறாள். எண் எழுநூற்றுப் பதினொன்று. தெரிந்துதான் சேர்த்தேன். உன் வீட்டு ஆள் என் பட்டியலில் இருப்பது எனக்கு ஒரு மெடல் மாதிரி இருந்தது. கூட்டத்தில் அவளுக்கு மட்டும் நானே டீ கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நீ என்று எழுதிவிட்டேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகும். இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைவி


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது வருஷம்! நான் அவளிடம் போய்க் கேட்டேன். "நீ கேக்கல, நான் சொல்லல. அங்க டீ நல்லாருக்கும்" என்கிறாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. பதினோரு வருஷம் நாம் இரண்டு பேரும் தெருவில் எதிர் எதிர்ப் பக்கம் நடந்தோம். நம் ஆட்கள் அந்தத் தெருவைக் குறுக்கே தாண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நீங்கள் போன பிறகு மாலை வரை படித்தோம். முந்நூற்று ஐம்பத்திரண்டு பேர் இரண்டு பட்டியலில் இருக்கிறார்கள். அறுபத்தொரு பேர் மூன்றிலும் இருக்கிறார்கள். மொத்தம் நானூற்றுப் பதின்மூன்று பேர். ஒருவரும் போலி இல்லை. ஆனால் ஒருவரை ஒரு முறைதான் எண்ண வேண்டும் என்றால், நம்மிடம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு பேர்தான். எழுபத்து நான்கு குறைகிறது. அந்த அறுபத்தொரு பேரையும் நேற்று வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். "எழுபத்து நாலுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அதற்குப் பிறகு பயம் இல்லை.

விசாரணை அறையில் சங்கத்துக்கு ஒரு நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சங்கத்து நாற்காலியில் நான் உட்காரப் போவதில்லை. உங்கள் மருமகள் உட்காரட்டும். எங்கள் உறுப்பினர்தானே. நான் வாசலில் அந்த நானூற்றுச் சொச்சம் பேரோடு நிற்கிறேன்.

அந்தப் பேப்பர் விஷயம். இத்தனை நாள் நான் செய்தது உதவி என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கை நடுங்கியதைப் பார்த்தேன். பயந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்க வேண்டும். மைக்கில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன், நீங்கள் மன்னிக்கிற ரகம் இல்லை. தப்பு என்னுடையது என்று மட்டும் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதிவிட்டேன், நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி


மே 1

நர்ஸு,

முடிவு என்ன என்று உனக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. தையல்காரர் சொன்னால் முந்தியையும் பிந்தியையும் மாற்றித் தைத்துவிடுவார். நான் எழுதுவதுதான் சரி.

துணை இயக்குநர் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஒரே பேர் எப்படி மூணு லிஸ்ட்ல வரும்? நீங்களே சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மருமகள் எழுந்துவிட்டாள். பத்து வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள். அவள் குரல் அவ்வளவு கனம் என்று எனக்கு நேற்றுதான் தெரியும்.

"காலைல ரெண்டு வீட்டுல வேலை பாக்குறேன் சார், அதனால அந்தச் சங்கம். வாடகை வீட்டுல இருக்கேன், அதனால இந்தச் சங்கம். உங்க வார்டுல செத்துப் பொழச்சேன், அதனால இன்னொரு சங்கம். நான் ஒரே ஆளுதான் சார். பிரச்சினைதான் மூணு."

மூலையில் எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

அவர் விடவில்லை. "இப்படி ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கலாம்..." என்று இழுத்தார். அப்போதுதான் நான் எழுந்தேன். "பட்டியல் உங்க கையில இருக்கு. நடுவுல எங்கயாவது விரல வைங்க. என் கையில காகிதம் இல்ல, பாத்துக்குங்க" என்றேன். வைத்தார். நான் சொன்னேன்: அவள் மாவு மில்லுக்கு எதிர் வீடு, பச்சைக் கதவு, மூன்று பிள்ளை, கடைசி இரண்டும் இரட்டை, நாலாம் கட்டில். இன்னொரு பேர். அவள் வீடு மாறி மூன்று வருஷம் ஆகிறது, அதனால்தான் இரண்டு பட்டியலில் இரண்டு முகவரி. இப்படிப் பதினோரு பேர் கேட்டார். ஒன்பதாவது பேரிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. ஆரம்பித்ததை நிறுத்தக் கூச்சப்பட்டுத்தான் பதினொன்று வரை போனார்.

"மத்தவங்க கீழ நிக்கிறாங்க, ஜன்னல் வழியா எண்ணிக்கலாம்" என்றார் தையல்காரர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் சொன்னார், ஆனால் சொன்னார். துணை இயக்குநர் எழுந்து போய்ப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது புதுப் பட்டியலை அவர் முன்னால் வைத்தேன். எழுபத்து நான்கு கேட்ட இடத்தில் அந்த அறுபத்தொரு பேர் புதிதாகச் சேர்த்தது ஐந்நூற்றுப் பதினெட்டு. ஒரு ஆள் ஒரு முறை என்று எண்ணியும் மூவாயிரத்து நானூற்று நாற்பத்து நான்கு. முதலில் போலி என்று சொன்ன கணக்கைவிட நாற்பத்து நான்கு கூட!

மூடுகிற உத்தரவு ரத்து. மூன்று வருஷம் கழித்து மறுபடியும் பார்ப்பார்களாம். "வாயால சொன்னது போதாது, எழுத்துல குடுங்க" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார். கொடுக்கும்போது என் மருமகளிடம், "நீங்க எந்த ஆபீஸ்ல வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். "ரெண்டு வீட்டு அடுப்படியில சார்" என்றாள்.

இப்போது நீ எழுதியதற்குப் பதில். அன்று என் கை நடுங்கியது உண்மைதான். பயத்தில் இல்லையடி. நம்மை மூன்று மணி நேரம் வராந்தாவில் நிற்க வைத்த கோபத்தில். அந்தப் பேப்பர் முழுக்க எனக்கு மனப்பாடம், பார்க்காமலே சொல்லியிருப்பேன். உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் பதினோரு வருஷம் அதைச் சொல்லத் தோன்றவில்லை. இதில் உன் பங்கு பெரியது, என் பங்கு சின்னது. ஆனால் என் பங்கும் இருக்கிறது.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

உள்ளே நடந்ததை நீங்கள் எழுதினீர்கள். வெளியே நடந்ததை நான் எழுதாவிட்டால் நியாயமில்லை.

வரிசை வாசலில் ஆரம்பித்து, தபால் பெட்டியைத் தாண்டி, மூலை திரும்பி, பேருந்து நிறுத்தம் வரை போனது. குட்டையானவர்களை முன்வரிசையில் நிறுத்தினேன். வாசல் காவலாளி ஒருத்தியிடம், "நீங்க எந்தச் சங்கம்மா?" என்று கேட்டார். அவள் மூன்று அட்டையையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து, "உங்களுக்கு எது வேணும்?" என்றாள். அதற்குப் பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஜன்னலில் அந்த அதிகாரி தலை தெரிந்ததும் எல்லோரும் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யார் ஆரம்பித்தது என்றும் தெரியவில்லை. ஒரு நிமிஷம் தெரு முழுக்க அட்டை. பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. உங்கள் மருமகள் படியிறங்கி வந்து இரண்டு கையையும் தூக்கியபோது நான் பக்கத்தில் நின்றவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் பார்த்தால் அவள் போட்டோவில் நெற்றி மட்டும் விழுந்த உங்கள் ஆள்.

அக்கா, நேற்று முழுக்க ஒன்றையே யோசித்தேன். மூன்று வருஷத்தில் மறுபடியும் வருவார்கள். நாம் ஏன் இரண்டாக இருக்க வேண்டும்? பழையபடி ஒரே சங்கமாகிவிடுவோம். நீங்கள் தலைவி. நான் செயலாளராகவோ, நாற்காலி எடுத்துப் போடுகிறவளாகவோ இருந்துவிட்டுப் போகிறேன். மனதாரச் சொல்கிறேன்.

உங்கள் பதிலுக்கு ஏங்கும்,
தங்கச்சி


மே 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். முடியாது.

கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி. ஒரே சங்கம் என்றால் ஒரே தலைவி நாற்காலி. நீ அதில் உட்கார்ந்தால் எனக்குப் பொறுக்காது. நான் உட்கார்ந்தால் உனக்கும் பொறுக்காது, ஆனால் நீ சிரித்துக்கொண்டே இருப்பாய். அது இன்னும் மோசம். இரண்டாம் வருஷம் உடைவோம். மூன்றாம் வருஷம் அந்த அதிகாரி வரும்போது நாம் மறுபடி எதிர் எதிர் வாசலில் நிற்போம். எனக்கு என்னையும் தெரியும், உன்னையும் தெரியும்.

உன் ஆட்கள் நோய் என்றால் ஓடுவார்கள். என் ஆட்கள் ஒரு வீட்டுக்காரி சம்பளத்தில் கை வைத்தால் ஓடுவார்கள். ஒரே அவசரத்தில் எல்லோரையும் எல்லா இடத்துக்கும் ஓட வைத்தால் யாரும் எங்கேயும் போய்ச் சேர மாட்டார்கள். தனித்தனியாக இருப்போம். ஆனால் அரக்கு கிடையாது. மூன்று பட்டியலும் தையல் கடை மாடியில் ஒரே அலமாரியில் இருக்கட்டும், பூட்டு வேண்டாம். மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை மூன்று சங்கமும் உட்காரும். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சண்டை வந்தால் அங்கேயே போட்டு முடித்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். தையல்காரர் நடுவில் உட்கார வேண்டியதில்லை. அவரும் எத்தனை நாள்தான் வேர்ப்பார்.

நம்மைச் சேர்த்து வைத்தது நாம் இல்லை, தெரியுமில்லையா? அந்த அறுபத்தொரு பேர். நாம் வாசலில் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில் கொல்லை வழியாகப் போய்வந்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் அறுபத்தொன்றோடு நிற்கக் கூடாது. அதனால் தையல்காரரிடம் போன வாரமே என் பேரைக் கொடுத்துவிட்டேன். நானும் வாடகை வீட்டில்தானே இருக்கிறேன். உன் சங்கத்துச் சேர்க்கைப் படிவம் ஒன்றையும் மருமகளிடம் வாங்கி நிரப்பினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டோ பழையதுதான், முகம் மாறவில்லை.

"பரிந்துரைக்கும் உறுப்பினர்" என்று ஒரு கட்டம் இருந்தது. மருமகளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "யோசிச்சுச் சொல்றேன் அத்தை" என்றாள். ஒரு நாள் முழுக்க யோசித்தாள்! சமைத்தாள், துணி மடித்தாள், பிள்ளைக்குத் தலை வாரினாள், யோசித்தாள். நான் பின்னாலேயே பேனாவோடு நடந்தேன். கடைசியில், "சங்கத்துல பழைய சண்டை எதையும் எடுக்கக் கூடாது" என்று வாக்குக் கேட்டாள். பாதி வாக்குக் கொடுத்தேன். போட்டுவிட்டாள்.

எங்கள் சங்கத்தில் வீட்டுவேலை செய்கிறவர்களைத்தான் சேர்க்க முடியும். உன் வீட்டு வேலையை நீதானே செய்கிறாய்? அதுவும் வேலைதான் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டுவிட்டேன். உனக்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பரிந்துரை உன் தங்கை. டீக்கு நான் பொறுப்பு.

உன் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒன்று போட்டிருக்கிறது: எந்த உறுப்பினரும் தலைவியிடம் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், தலைவி பதில் சொல்லியே ஆக வேண்டும். எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். நல்ல விதி. என்னிடம் எட்டுக் கேள்வி இருக்கிறது. வியாழக்கிழமை சீக்கிரம் வந்துவிடு.

உன் அக்கா,
நோயாளிகள் நலச் சங்கத்தின் புது உறுப்பினர்